பச்சைத் துணிக்கு அடியில்

கணக்கு டீச்சர் இன்னும் கட்டைவிரலைத் தூக்கவே இல்லை. அதற்குள் டெக்னீஷியன், "சரிம்மா, அப்படியே மிதிங்க," என்றார்.

திரையிலேயே கண்ணாக இருக்கும் மனுஷன், அவசரப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். சாய்ந்த படுக்கை, கால்மாட்டில் பெடல், அதோடு வார் போட்டு இறுக்கிய பாதங்கள், கழுத்து வழியாக இதயத்துக்குள் போயிருந்த மெல்லிய குழாய், அதற்காக மோவாய் வரை போர்த்திய பச்சைத் துணி. மூச்சை அளக்க வாயில் ரப்பரைத் திணித்திருந்ததால் பேச வழியில்லை. தொடரலாம் என்றால் கட்டைவிரல், நிறுத்தணும் என்றால் விரித்த கை; துணிக்கு வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உன் வாய்க்குப் பூட்டு," என்று கிண்டலடித்துவிட்டுப் போன கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.

நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகும் நோய் அவளுக்கு. "சும்மா படுத்திருந்தா எந்த இதயமும் நல்ல பிள்ளைதான்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வேலை கொடுத்தாத்தான் வலது பக்கம் எவ்வளவு தாங்குதுன்னு தெரியும். முடியலைன்னா உடனே நிறுத்திடணும். ரோஷம் பார்த்தா உயிருக்கே ஆபத்து."

மூன்றாவது முறை பெடலின் லோடை ஏற்றி மிதிப்பதைக் கடினமாக்கியதும் ரப்பர் வாடையும் மருந்து வாடையும் தொண்டையை அடைத்தன. பெடலின் கிறீச்சும் திரையிலிருந்து வந்த துடிப்பும் காதுக்குள் ஒன்றாகக் கலக்க, பார்வையின் ஓரத்தில் கறுப்பு படர்ந்தது. போதும் என்று கையை வெளியே எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை. மணிக்கட்டை ஏதோ பிடித்திருந்தது. சில்லென்று. ஐந்து விரல்கள்.

"பிரமாதம்மா! இன்னும் கொஞ்சம் ஏத்துறேன்."

கால்களை நிறுத்தினாள். பெடல் நிற்கவில்லை. துணிக்கு அடியில் வேறு யாரோ மிதித்தார்கள். அவள் பாதங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. பயத்தில் அலறினாள். ரப்பருக்குள் வெறும் காற்று போனது. கருவி அதையும் ஒரு மூச்சாகக் குறித்துக்கொண்டது.

திரையைப் பார்த்த டாக்டரின் குரல் மாறியது. "வலது அறை ரொம்ப வீங்குதே. அவங்களைக் கேளுங்க."

கடவுளே, கேளுங்க.

"அம்மா, நிறுத்திடலாமா?"

துணியின் ஓரம் அசைந்தது. ஒரு கை வெளியே வந்தது. அவள் கை மாதிரியே ஒல்லி. நகங்கள் மட்டும் கருநீலம். கட்டைவிரல் மெல்ல நிமிர்ந்தது.

"தாங்குறாங்க டாக்டர். தொடரச் சொல்றாங்க."

கண்ணாடிக்கு வெளியே கணவரின் முகம் மலர்ந்தது. அந்தக் கையைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தபடி, தானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.