ஏற ஏறக் குளிர்ந்த பெட்டி

திரையின் மூலையில் இருந்த எண் இருபத்தாறு என்றது. தவறாகப் படித்துவிட்டோம் என்றுதான் ஷைனி முதலில் நினைத்தாள். சித்திரை வெயில் மொட்டைமாடியைப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூடு சுண்ணாம்பு வாடையோடு அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்த மதியம் அது. சுவரில் கை வைக்க முடியவில்லை. மின்விசிறி அனலைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. மனிதர் இருக்கும் அறையே நாற்பதை நெருங்கும்போது, முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் பிராசசர் மட்டும் இருபத்தாறு டிகிரியில் எப்படி இருக்கும்?

வடக்கனந்தலில் அந்த வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவளுடைய தொழில். கணவன் எட்வின் உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலில் கல்லாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் லாரியும் பஸ்ஸும் ஓயாது, இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்துதான் வருவான். உள்ளறையில் அவனுடைய அம்மா மார்கரெட். பொங்கலுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலை விட்டு எழுந்ததில்லை.

கச்சிராயபாளையத்துக் கல்யாண மாப்பிள்ளை அன்றிரவே துபாய்க்குக் கிளம்புகிறான், வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று அவன் அக்கா காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தாள். ஷைனியின் பழைய கம்ப்யூட்டரோ அத்தனை பெரிய வேலையை முடிக்க விடிய விடிய எடுத்துக்கொள்ளும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இளஞ்செழியன்தான் வழி சொன்னான். அந்தப் பிராசசரை அதன் வேகத்துக்கு மேல் ஓட்டலாம், ஆனால் கையாலேயே ஏற்ற வேண்டும் என்று சொல்லி, அதற்கான சின்ன மென்பொருள் ஒன்றையும் இறக்கிக் கொடுத்திருந்தான்.

"அவசரப்படாதீங்கக்கா. ஒரு படி ஏத்துங்க, சோதனைய ஓடவுடுங்க, சூட்ட பாருங்க. தாங்கினா அடுத்த படி. தாங்கலன்னா ஒரு படி எறங்கிடுங்க. எண்பத தாண்டவே கூடாது. ஆட்டோமேட்டிக்ல மட்டும் வுட்டுடாதீங்க, அது இஷ்டத்துக்கு வோல்டேஜ ஏத்தி பிராசசரயே கொன்னுடும்."

அவன் சொன்னபடிதான் செய்தாள். ஒரு படி ஏற்றினாள், பொறுத்திருந்தாள், பார்த்தாள். தொடங்கும்போது அறுபதைத் தாண்டியிருந்த சூடு முதல் படியிலேயே ஐம்பதுக்கு வந்தது. நல்லதுதானே என்று அடுத்த படி ஏற்றினாள். இன்னும் இறங்கியது. ஏற்ற ஏற்ற இறங்கி, இதோ இருபத்தாறு.

இளஞ்செழியனை அழைத்தாள். சென்சார் பொய் சொல்கிறது, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள் என்றான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கழற்றினாள். உள்ளிருந்து வந்த காற்று அவள் முகத்தில் மோதியது. ஆழக்கிணற்றுக்குள் குனிந்து பார்ப்பதுபோல, பாசியும் கல்லும் மணக்கும் குளிர். பிராசசரின் மேல் பொருத்தியிருந்த அலுமினியத் தகடுகளில் பனித்துளிகள் முத்து முத்தாகக் கோத்து நின்றன. விரலால் தொட்டாள். விரல் விறைத்தது.

அதை இளஞ்செழியனிடம் சொன்னாள்.

"அப்டி ஆவாதேக்கா," என்றான் அவன். "சூடு எங்கயாவது போய்த்தான ஆவணும்."

நிறுத்திவிட்டு நாளைக்குக் கடைக்கு எடுத்து வாருங்கள் என்று சொல்லி வைத்தான். சரி என்றாள் ஷைனி. ஆனால் நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் அக்கா மறுபடியும் அழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு படி ஏற்றிவிட்டு, வேலை முடியும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாள்.

உள்ளறையிலிருந்து முனகல் கேட்டது.

மார்கரெட்டின் முனகல் ஷைனிக்குப் பழகியது. இது வேறு மாதிரி இருந்தது. பல் கிட்டித்து, மூக்கு வழியாக மட்டும் வருகிற முனகல். போய்ப் பார்த்தாள். அந்த வெயிலில் கிழவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்த ஷைனி வெடுக்கென்று எடுத்தாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்து, துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் துணி காய்ந்திருந்தது.

அப்போது முன்னறையில் கம்ப்யூட்டர் அசையாமல் நின்று, திரை நீலமாகி, தானே அணைந்து மீண்டும் உயிர்பெற்றது. படி தாங்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி ஒரு படி இறக்கி வைத்து வேலையை மறுபடி ஓடவிட்டாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மார்கரெட் தெளிந்த குரலில் கஞ்சி கேட்டாள். போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் வியர்த்து, காய்ச்சல் விட்டிருந்தது.

மாத்திரை வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கஞ்சி புகட்டினாள். வந்து உட்கார்ந்தாள். ஒரு படி ஏற்றினாள்.

முனகல்.

கை அப்படியே நின்றது. இறக்கினாள். முனகல் அடங்கியது. தற்செயல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மீண்டும் ஏற்றினாள். முனகல், இந்த முறை கட்டிலின் கிறீச்சோடு. இறக்கினாள். அமைதி. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உடனே எழுந்து வயரைப் பிடுங்கியிருக்க வேண்டியவள்தான். எழுந்திருக்கத்தான் போனாள்.

உள்ளறை ஜன்னலில் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் வந்து நின்று உடம்பு எப்படி என்று விசாரிப்பது கேட்டது. மார்கரெட் பதில் சொன்னாள். மருமகள் காதில் விழ வேண்டுமென்றே, சத்தமாக.

"தண்ணி கேட்டா காதுலயே வாங்க மாட்டா. அந்தப் பொட்டி முன்னால குந்திக்கினு கெடப்பா. இப்டியே காயவெச்சி என்ன சாவடிக்கத்தான் பாக்குறா."

லட்சுமியம்மாள் உச்சுக்கொட்டினாள்.

ஷைனியின் உள்ளங்கையில் கஞ்சியின் ஈரம் இன்னும் இருந்தது. நான்கு மாதம் அள்ளிக்கொட்டிய மலம், துவைத்த துணி, திருப்பிப் படுக்கவைத்த முதுகு, உப்பைக் குறைத்துப் போட்டு வதைக்கிறாள் என்று தெருவெல்லாம் பரவிய பேச்சு, அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்த எட்வின். எல்லாம் ஒருசேர நெஞ்சுக்குள் வந்து நின்றன. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை அவள். இப்போதும் பேசவில்லை. கை மட்டும் விசைப்பலகைக்குப் போனது.

ஒரு படி. இன்னொரு படி. சோதனை ஓட்டவில்லை. மூன்றாவது.

உள்ளே பேச்சு பாதியில் அறுந்தது. மார்கரெட் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. ஏதோ கொதிக்கத் தொடங்குவதுபோல ஒரு மெல்லிய சீறல் மட்டும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே லட்சுமியம்மாள் ஏசுவே என்றோ முருகா என்றோ சொல்லிக்கொண்டு ஓடும் செருப்புச் சத்தம்.

அந்த ஓட்டம்தான் ஷைனியை உலுக்கியது. என்ன செய்துவிட்டோம் என்று பதறி, படியை இறக்கும் விசையை அழுத்தினாள். படியின் எண் இறங்கியது. அவள் கண் முன்னாலேயே திரும்ப ஏறியது. மறுபடி இறக்கினாள். ஏறியது. அவள் கையை எடுத்த பிறகும் ஏறியது, மேலும் ஒரு படி. சூடு காட்டும் இடத்தில் பூஜ்ஜியம். பெட்டிக்குள் தகடுகள் வெண்மையாகப் பூத்திருந்தன. பனிக்கட்டி. வடக்கனந்தலில், சித்திரையில், பனிக்கட்டி.

மேசைக்கடியில் தவழ்ந்துபோய் வயரைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. பெட்டியின் விசிறி சுற்றி, தளர்ந்து, நின்றது. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று போய் மறைந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஷைனி மேசைக்கடியிலேயே உட்கார்ந்து, பிடுங்கிய வயரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று உதட்டுக்குள் சொன்னாள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கட்டில் கிறீச்சிட்டது.

பாதம் ஒன்று தரையில் பதிந்தது. நான்கு மாதமாகத் தரையைத் தொடாத பாதம். அடுத்தது. நொண்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஏதோ சுர்ரென்று வறுபட்டது. போர்வை இழுபடும் ஒலி. தலைமயிர் பொசுங்கும் நாற்றம்.

உள்ளறை வாசற்படியில் மார்கரெட் நின்றாள். போர்வையின் ஓரம் கருகிச் சுருண்டுகொண்டிருந்தது. தோல் சிவக்கவில்லை, கொப்பளிக்கவில்லை. சுட்ட ஓடு போல இறுகி, உள்ளுக்குள் எதுவோ எரிவதுபோல் மங்கலாக ஒளிர்ந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"குளுருதும்மா," என்றாள். அந்த வீட்டில் ஷைனி ஒருநாளும் கேட்டிராத கனிவு அந்தக் குரலில். "இன்னும் ஒரு படி ஏத்து."

ஷைனி, வயர் கையிலிருக்கிறது என்று காட்டுவதுபோல் அதை உயர்த்திப் பிடித்தாள்.

மார்கரெட் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நைலான் பின்னல் அவள் சூட்டில் இளகித் தொங்கியது. விரலை நீட்டி, ஷைனி மதியம் முழுக்க அழுத்திய அதே விசையை அழுத்தினாள். விசை உருகி விரலோடு ஒட்டி எழுந்தது. மறுபடி அழுத்தினாள்.

பெட்டியின் விசிறி சுற்றத் தொடங்கியது.

இன்னொரு அழுத்து. வேகம் கூடியது. இன்னொன்று. பல் அடிப்பது நின்றது. அணைந்த திரையைப் பார்த்தபடி மார்கரெட் சிரித்தாள், சுகமாக, கணப்பருகே உட்கார்ந்தவளைப் போல. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மேசைக்கடியில் இருந்த மருமகளைப் பார்த்தாள். விரல் மட்டும் நிற்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் இமைக்கவில்லை. இமைப்பதற்கு அந்தக் கண்களில் ஈரம் மிச்சமில்லை.