எயினனின் கட்டைவிரல்

அந்திச் செவ்வொளி அடங்கி, ஆவணித் திங்களின் முழுநிலவு பொருநை நதியின் மேல் எழுந்து நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை வார்த்துக்கொண்டிருந்த வேளையில், நெடுங்கரைத் துறையில் எயினன் தன் ஓடத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அன்பு வாசகர்களே, அவன் பிறவி ஓடக்காரன் அல்லன். ஓராண்டுக்கு முன்வரை நெடுங்கரை அரசரின் லாயத்தில் குதிரை வைத்தியன். அவன் விலகிய அன்று, 'ஐந்தாண்டுகள் அரசருடையதல்லாத பிறர் குதிரையைத் தொடேன். தொட்டால் என் வலக்கைக் கட்டைவிரலை இழப்பேன்' என்று ஓலை எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டார்கள். துடுப்புப் பிடிக்கத் தடையில்லையாம். என்ன பெருந்தன்மை பாருங்கள்!

அப்போது தலைப்பாகை அணிந்த இளவீரன் ஒருவன் தன் வெண்புரவியை இழுத்துக்கொண்டு வந்தான். வயிறு உப்பி, வியர்த்து நடுங்கிய அப்புரவி மணலில் சாய்ந்தது.

"ஐயா, இங்கே குதிரை வைத்தியர் உண்டா?"

"இருந்தார். இப்போது ஓடம் விடுகிறார்" என்ற எயினன், ஓலையின் கதையைச் சொன்னான்.

"வைத்தியத்தை லாயத்திலா கற்றீர்?"

"இல்லை, என் தந்தையிடம். லாயத்தில் அறிந்தவை போர்க்குதிரைகளுக்கான இரகசியச் சீழ்க்கைகள் மட்டுமே. அவற்றை உயிர் போனாலும் சொல்லேன்."

"ஐந்தாண்டும் உம் பிழைப்புக்கு அரசர் என்ன தந்தார்?"

"வெளியே போக அனுமதி தந்தார்."

புரவி முனகியது. எயினன் தன் விரலைப் பார்த்தான். புரவியின் கண்களைப் பார்த்தான். மனம் கேட்கவில்லை. வெந்நீரில் ஓமமும் பெருங்காயமும் கரைத்துப் புகட்டி, வயிற்றை நீவி, மெல்ல எழுப்பி நடத்தினான். இரண்டு நாழிகையில் புரவி இலத்தி போட்டுக் கனைத்தது. அதைவிட இனிய காட்சியை அவன் அவ்வாண்டில் கண்டதில்லை!

வீரன் தலைப்பாகையைக் கழற்றினான். கருங்கூந்தல் இடைவரை சரிந்தது.

"நான் செங்கழுநீர் நங்கை. அரசரான என் தந்தையார் மறைந்தபின் நெடுங்கரை என் ஆட்சியில் உள்ளது. அஞ்ச வேண்டாம்; நீர் தொட்டது எம் லாயத்துக்கு அண்மையில் வந்த புரவியைத்தான். ஓலை மீறப்படவில்லை."

எயினன் மண்டியிட்டு வலக்கையை நீட்டினான். "பிறர் குதிரையென்று எண்ணியே தொட்டேன், தேவி. நாளை வேறொன்று துடித்தாலும் தொடுவேன். விரல் தங்கள் முன் இருக்கிறது."

நங்கையின் கண்கள் கலங்கின. தன் கையில் தளர்ந்து கிடந்த தந்தையின் மோதிரத்தை, அவ்வோலையில் பதிந்த அதே முத்திரையை, உருவி அந்தக் கட்டைவிரலில் அணிவித்தாள்.

"இரகசியம் லாயத்துடையது, காத்து வாரும். வித்தை உம்முடையது. இத்தகைய ஓலை ஒன்றுகூட நாளை என் அவையில் எஞ்சாது. பொருநையின் மேல் ஆணை!"