பட்டனின் எடை

ஓர் உயிரின் விலை நாளொன்றுக்கு இருநூறு என்றார் மாமா. அக்கா மகள் நூற்றில் ஆரம்பித்தாள். நூற்றைம்பதில் படிந்தது.

"சொந்த மாமான்னுதானே வந்தேன்? லாட்ஜ் மாதிரி வாடகை கேக்கறீங்களே!"

"சொந்தம்ங்கறதாலதான் அட்வான்ஸ் கேக்கல."

பழைய இரும்புக் கடைக்காரர் அவர். ஒற்றை ஆணியைக்கூட இரண்டு முறை நிறுப்பதால் கடைத்தெருவில் 'கிராம்' என்று பெயர். சொந்தபந்தமெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட, இன்னமும் அவர் வாசற்படி மிதிப்பவள் இவள் ஒருத்திதான். ஒரு வாரம் கடற்கரைக்குப் போகிறாள். அதுவரை பட்டன் என்கிற இரண்டு மாத நாய்க்குட்டி அவர் பொறுப்பு.

வந்த சரக்கை நிறுக்காமல் உள்ளே விடும் வழக்கம் அவருக்கில்லை. குட்டியைத் தூக்கி மின்தராசின் தட்டில் உட்கார வைத்தார். இரண்டு கிலோ நானூறு.

"குறையாமத் திருப்பித் தரேன். நிம்மதியாப் போயிட்டு வாம்மா."

கார் தெருமுனை திரும்பியது. குட்டி தட்டைவிட்டு இறங்கவில்லை. காற்றில் எதையோ முகர்ந்தது, வாலை ஆட்டியது, பிறகு ஒருக்களித்துப் படுத்து, அங்கே இல்லாத ஒரு மடியில் பால் குடிப்பதுபோல் வாயைச் சப்பியது.

சிவப்பு எண்கள் மாறின.

இருபத்து நான்கு கிலோ நானூறு.

கூடுதலாக இருபத்திரண்டு கிலோ. அந்த எடை அவருக்குத் தெரியும்.

போன வருடம் கிடங்கைக் காத்த பெட்டை நாய், செம்புக் கம்பிக் குவியலுக்குப் பின்னால் நான்கு குட்டிகள் போட்டது. தீனிச் செலவு கட்டாது என்று அவற்றைத் தண்ணீர் டிரம்மில் போட்டு மூடினார். போடுமுன் கைப்பழக்கத்தில் தராசில் நிறுத்தும் பார்த்தார். தலைக்கு நானூறு கிராம். பாய்ந்து வந்த தாயை இரும்புக் கம்பியால் மண்டை பிளக்க அடித்தார். அதையும் நிறுத்தார்.

பட்டன் வந்த மறுநாள் நல்ல வெயில். ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் கிடங்கிலிருந்து வாடை அடித்தது. துருவும் நனைந்த நாய்முடியும் கலந்த வாடை. பின்னாலேயே தகரத்தின்மேல் நகங்கள் நடக்கும் சத்தம்.

டிக். டிக். டிக்.

குட்டி உள்ளே ஓடியது. பிடிக்கக் குனிந்தார். எதிரே ஒன்றுமில்லை.

முன்கையில் பற்கள் மட்டும் இறங்கின.

அவர் அலறி இழுக்க இழுக்க, சதை சணல் சாக்குபோலக் கிழிந்தது. எலும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. பிய்ந்த துண்டு அந்தரத்தில் இரண்டு முறை உதறப்பட்டு, குட்டியின் முன்னால் பொத்தென்று விழுந்தது.

பட்டன் தின்றது.

ரத்தம் வழிய வழியக் குட்டியைத் தூக்கித் தராசில் போட்டார். இரண்டு கிலோ எண்ணூறு. சரியாக நானூறு கூடியிருந்தது.

குட்டியைத் தெருவில் விட்டுவிட்டு ஓடிவிடலாம். அப்புறம் அக்கா மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? இருந்தார். மூன்றாம் நாள் கெண்டைக்காலில் நானூறு போனது. ஐந்தாம் நாள் தோள்பட்டையில்.

ஆறாம் நாள் சுவரோடு சரிந்து கிடந்தார். முகத்துக்கு நேரே சூடான மூச்சு, உறுமல்.

"தாயி... மூணு குட்டிக்குக் குடுத்தாச்சு," என்று முனகினார். "நாலாவதைத் தள்ளுபடி பண்ணிடேன்."

உறுமல் உயர்ந்தது.

கடையில் பாக்கி கேட்பவர்களை அடுத்த கடைக்குத் தள்ளிவிடுவது அவருடைய நாற்பது வருடப் பழக்கம். நாக்கு தானாகப் புரண்டது.

"எங்கிட்ட இனி சரக்கில்ல. மிச்சத்தை வேற இடத்துல வசூல் பண்ணிக்கோ."

உறுமல் நின்றது. பேரம் படிந்தது என்று அழுதார்.

ஏழாம் நாள் காலை அவள் வந்தாள்.

"என்ன மாமா இது, உடம்பெல்லாம் கட்டு?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சும்மா."

"பட்டனைப் பாருங்க, உருண்டை மாதிரி இருக்கான்! நீங்க கஞ்சன்னு எவன் சொன்னது?"

கார் போயிற்று. கிடங்கில் வாடை இல்லை, நகச் சத்தம் இல்லை. பெருமூச்சோடு திரும்பினார். தராசின் காலித் தட்டுக்கு மேலே சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன.

மைனஸ் நானூறு.

கைபேசி ஒலித்தது.

"மாமா, வண்டிக்குள்ள ஒரே ஈர நாய் நாத்தம். பட்டனைக் குளிப்பாட்டுனீங்களா? பின்சீட்ல யாரையோ நக்கிக்கிட்டு..."

"வண்டியை நிறுத்து! திரும்பி வா, நானே குடுத்துடறேன்! தாயி, அவ வேண்டாம், எங்கிட்ட வா!"

டிக். டிக்.

"மாமா, என் கழுத்துகிட்ட யாரோ மூச்சு..."

அலறல். ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு, நிதானமாக, ஒரு குட்டி நாய் மெல்லும் சத்தம்.

தட்டின்மேல் ஒன்றுமில்லை. எண்கள் மட்டும் மெதுவாக ஏறின. மைனஸ் முந்நூறு. மைனஸ் நூறு.

பூஜ்யம்.