மூடாமல் விட்ட சுருள்

யாழினி அன்று காலை கண் விழித்தபோது, அவள் இன்னும் செய்யாத படம் போய்ச் சேர்ந்திருந்தது.

செல்போனில் அவள் பெயரில், வழக்கமான ஆறரை மணிக்கு, ‘நாள் 413’ என்ற வழக்கமான குறிப்போடு. இந்தப் படங்கள் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த அறுபது பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் அதற்குள் கைதட்டியிருந்தார்கள். கணவன் மாதேஷுக்குத் தனியாக அனுப்பும் பிரதியிலும் இரண்டு நீல டிக் விழுந்திருந்தன. ‘நல்லாருக்குது கண்ணு’ என்று அவன் பதிலும் போட்டிருந்தான். படம் நன்றாகத்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சுருள், அதன் விளிம்பெல்லாம் சின்னச் சின்னச் சுருள்கள். ஆனால் சாம்பல் நிறத்தை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது குழியிலிருந்து பொங்கி வரும் கல்மாவுச் சேற்றின் நிறம் அது. மாதேஷின் உடுப்புகளை ஊறவைத்துத் துவைத்துத் துவைத்து, அந்த நிறமும் வாடையும் அவளுக்கு ஆகவே ஆகாது.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர் போடும் ரிக் வண்டிக்கு வேலையாள் போகிற வீடுகளில், வருடத்தில் எட்டு மாதம் பெண்களும் பிள்ளைகளும்தான். மாதேஷ் சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டோரம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். விடிந்ததும் மேட்டில் ஏறி நின்றால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும், அவ்வளவுதான். தனிமை தாங்காமல் யாழினி கற்றுக்கொண்டதுதான் இந்த ஃபிராக்டல் படம். ஒரு சூத்திரத்தையும் சில எண்களையும் கொடுத்தால் லேப்டாப் வரையும். அதில் எந்த மூலையைப் பெரிதாக்கினாலும் முழுப்படமும் அங்கே குட்டியாக மறுபடி நிற்கும். அதற்குள் போனால் இன்னும் குட்டியாக. பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் இவளுக்குக் ‘கம்ப்யூட்டர் கோலக்காரி’ என்று பெயரே வைத்துவிட்டாள். மாதேஷும் கேலி செய்வான்: "நீயும் போர் போடறவதான் புள்ள. இன்னைக்கு எத்தனை அடி?" ஆனால் வண்டி ஏறும்போது அவன் கேலி செய்யவில்லை. "தெனமும் படம் வந்துச்சுன்னா ஊட்டுல ரெண்டு பேரும் நல்லாருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன். ஒருநா வரலீன்னா கெளம்பி வந்துருவேன்" என்றான்.

ஹாலில் மேசைமேல் லேப்டாப் திறந்தே கிடந்தது. திரையைத் தட்டி எழுப்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. நானூறாவது நாள் ஓடவிட்ட படத்தை அவள் நிறுத்தவே இல்லை. மற்ற வேலைகளுக்குப் பின்னால் அது பதின்மூன்று நாளாக உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த நானூறாவது நாள், ஆறு வயது மகள் நிலாவை மடியில் உட்காரவைத்து, "எங்க போலாம் சாமி?" என்று கேட்டிருந்தாள். நிலா ஒரு கரும்புள்ளியில் விரலை வைத்தாள். இந்தப் படம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும். ஓர் ஆழத்துக்கு மேல் கணினியின் தசம எண்கள் தீர்ந்துபோகும், படம் கட்டம் கட்டமாக உடையும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அன்று உடையவில்லை. கண்ணாடி மாதிரி தெளிவாகப் போய்க்கொண்டே இருந்தது. யாழினிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏன் உடையவில்லை என்று ஒரு நிமிடம் அவள் யோசித்திருக்கலாம்.

குழுவில் அவளுக்கு நெருக்கமானவள் சேலத்து தஹ்சீன். யாழினி அவளுக்கு ஃபோன் போட்டு, இன்றைய படம் தான் அனுப்பியதல்ல என்றாள்.

"நீங்க அனுப்பாம யாரு? எண்ணும் போட்டிருக்கீங்களே" என்றாள் தஹ்சீன். படம் போடுகிறவர் அந்த இடத்தின் எண்களையும் போட வேண்டும், மற்றவர்கள் அங்கிருந்து மேற்கொண்டு இறங்கிப் பார்ப்பார்கள். அது குழுவின் வழக்கம். "அதை வச்சு நானும் இறங்கிப் பார்த்தேன். எனக்கு உடனே உடைஞ்சிருச்சு. உங்க லேப்டாப்புல மட்டும்தான் வருது. நிறுத்திராதீங்க யாழினி. இவ்வளவு ஆழம் யாருமே போனதில்ல."

நிறுத்தத்தான் நினைத்திருந்தாள். அந்த ஒரு பாராட்டில் மனசு மாறிவிட்டது.

மறுநாள் ஆறரைக்கு, 414 தானாகப் போயிற்று. சாம்பல் சுருள்களுக்கு நடுவே ஜன்னல் கம்பி மாதிரி ஒரு வேலைப்பாடு. நாலிதழ்ப் பூக்கள், வரிசையாக. இடது ஓரத்துப் பூவில் ஓர் இதழ் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. யாழினி தலையைத் தூக்கித் தன் ஹால் ஜன்னலைப் பார்த்தாள். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஏணியைச் சாய்த்ததில் மடங்கிய இதழ், அதே இடது ஓரத்தில் இருந்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். படம் இறங்கிக்கொண்டே இருந்தது. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தாள். இறங்கிக்கொண்டே இருந்தது. மூடித் தொலைக்கலாம் என்று லேப்டாப்பின் மூடியைப் பாதி சாய்த்தபோது, வாசலில் பளீரென்ற காலை வெயிலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த நிலா அலறினாள்.

"அம்மா, இருட்டாகுது. அம்மா, ஒண்ணுமே தெரீல."

தடாலென்று சைக்கிள் விழும் சத்தம். யாழினி மூடியை நிமிர்த்திவிட்டு ஓடினாள். நிலா தரையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இப்போது தெரிகிறது என்றாள். இடது முழங்கை சிராய்த்திருந்தது. கழுவி மஞ்சள் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிடும்போது, அன்று கரும்புள்ளியைத் தொட்ட அந்த விரலைப் பார்க்கவே யாழினிக்குப் பயமாக இருந்தது. அதன்பிறகு அவள் மூடியில் கை வைக்கவில்லை. சார்ஜர் வயரைப் பிடுங்கவும் இல்லை.

‘உடனே கெளம்பி வாங்க, பயமாருக்குதுங்க’ என்று மாதேஷுக்குச் செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. இருபது முறை அனுப்பினாள். ஒன்றும் போகவில்லை. படம் மட்டும் போனது. வெள்ளிக்கிழமை 415. அதில் ஹாலே இருந்தது, சோபா, மின்விசிறி, மேசை, மேசைமேல் சாம்பல் ஒளியோடு ஒரு திரை. அதற்கு மட்டும் அவன் பதில் வந்தது: ‘நல்லாருக்குது கண்ணு. வேலை முடிஞ்சுது. நாளைக்குச் சாயந்திரம் ஊட்டுக்கு வாரேன்.’ யாழினி அதைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதாள். நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் திரை அணையக் கூடாது. அவன் வந்தால் ஏதாவது செய்வான். தண்ணீர் வராத குழிக்கு இரும்பு மூடி போட்டு இறுக்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதவன் அவன். பிள்ளைகள் விழுந்துவிடும் என்பான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது.

மாதாந்திர ஷட்டவுன். சாயந்திரம் ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்ததை அவள் பார்க்கவே இல்லை. லேப்டாப் பேட்டரி மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும். வெளிச்சத்தைக் குறைத்தாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. தெருவில் எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்கும் விசைத்தறிகளும் நின்றுவிட்டதில், இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்கு அடியில் கிடந்த சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின. பீரோ தகரம் நெளிவது, நிலா மூச்சு விடுவது, பிறகு எங்கோ வெகு ஆழத்தில், சொட்டென்று ஒரு துளி தண்ணீர் விழுந்து அதன் எதிரொலி நெடுநேரம் மேலேறி வருவது. கூடவே அந்த வாடை. நனைந்த கல்மாவு வாடை. அது லேப்டாப்பின் சாவிகளின் இடுக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பத்தரைக்கு ஒன்பது சதவீதம். அப்போதுதான் கந்தம்மாள் வீட்டு இன்வெர்ட்டர் நினைவுக்கு வந்தது.

"இங்கயே இரு சாமி. அம்மா இதா வந்தர்றேன். அசையாத" என்று நிலாவை மேசை அருகில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"கொண்டா சாமி, இங்க சொருகிக்கலாம்" என்ற கந்தம்மாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, இப்படி வேர்த்து ஊத்துது?" என்றாள். பதில் சொல்ல யாழினி நிற்கவில்லை. போய் வர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நாற்காலியில் நிலா இல்லை.

திரையில் இருந்தாள். படத்து ஹாலில், உள்ளறைக் கதவருகே, முதுகைக் காட்டிக்கொண்டு. யாழினி திரும்பிப் பார்த்தாள். தன் வீட்டு உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. தரையில் சாம்பல் நிறத்தில் ஈரக் காலடிகள். சின்னவை.

"அம்மா, இங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான்கு சதவீதம். யாழினி கதவுக்குள் ஓடினாள்.

கட்டில் இல்லை. பீரோ இல்லை. அங்கே ஹால் இருந்தது. சோபா. மின்விசிறி. ஜன்னல் கம்பியில் மடங்கிய இதழ். எதிரே உள்ளறைக் கதவு.

"அம்மா, இங்க."

அதற்குள்ளும் ஹால். சோபாவின் முதுகே அவள் முழங்கால் உயரம்தான். மின்விசிறி நெற்றியில் இடித்தது. திரும்பிப் போகலாம் என்று கால் தயங்கியது. நிலா அழும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. குனிந்தாள்.

ஹால். தவழ்ந்தாள். ஹால். தோள் இரண்டு பக்கமும் உரசியது. சேறு. குளிர். வாடை. ஹால்.

பிறகு வெளிச்சமே இல்லை.

"சாமி, எங்கடா இருக்கே?"

ஒரு குட்டிக் கை அவள் கைக்குள் வந்து புகுந்தது. சில்லென்று ஈரமாக. யாழினி அதை இறுக்கிப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அம்மா வந்துட்டேன். அப்பா வந்துருவாங்க. கரண்ட்டும் வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்தக் கை பதிலே பேசவில்லை. கிடைத்துவிட்டாளே என்ற நிம்மதியில் அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

வெகு உயரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெளுத்தது. கரண்ட் வந்துவிட்டது. தறிச் சத்தம் கிணற்றுக்கு வெளியிலிருந்து வருகிற மாதிரி மெல்லக் கேட்டது. சதுரத்தில் அவளுடைய ஹால் தெரிந்தது. பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான் மாதேஷ்.

அவனுக்குப் பக்கத்தில் நிலா நின்றாள், எங்கேயும் போகாதவள் போல. இடது முழங்கையில் மஞ்சள் பிளாஸ்திரி.

நிலாவின் தோளில் கை போட்டபடி ஒருத்தி. யாழினியின் பச்சை நைட்டி, யாழினியின் முகம். கணுக்கால் வரை காய்ந்த சாம்பல் சேறு.

யாழினி கத்தினாள். சத்தம் எங்கேயும் போகவில்லை. நிலா மட்டும் திரைக்கு அருகில் வந்து, குனிந்து, நேராக அவளைப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குள்ள அம்மா இருக்கறாங்க."

"அம்மாதான் உன்ற பின்னாலயே நிக்கறாளே சாமி" என்று மாதேஷ் சிரித்தான். பின்னால் நின்றவளும் சிரித்தாள். அவன் முகம் சதுரம் முழுக்க வந்தது. நாலு மாதத் தாடி, வெயிலில் கறுத்த மூக்கு, அவளுக்கு அவ்வளவு பிடித்த கண்கள். "நாளெல்லாம் இதைத் தொறந்தே வெச்சிருந்தா என்னத்துக்காவும் புள்ள?" என்றபடி கையை நீட்டினான்.

மூடி இறங்கியது. வெளிச்சம் கோடாகி, கோடும் போயிற்று.

இருட்டில் யாழினி தன் கைக்குள் இருந்த கையை உதறப் பார்த்தாள். அது விடவில்லை. முழங்கையைத் தடவினாள். பிளாஸ்திரி இல்லை. விரல்களைத் தடவினாள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு குட்டிக் கை இருந்தது. அந்தக் கைகளின் விரல் நுனிகளில் இன்னும் குட்டிக் கைகள். அவை ஒவ்வொன்றாக விரிந்து, அவளைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கின.