படகில்லாமல் ஏற்றிய கொடி

காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கொடியோ கடலை நோக்கிப் பறந்தது. நுன்சியா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்துக் குன்றின்மேல் உள்ள பழைய கொடி நிலையத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவள்தான் கதை சொல்வாள். எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், எந்தப் பாறையில் எந்தக் கப்பல் உடைந்தது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். 'உள்ளே வா' என்கிற நீலக்கொடியை மட்டும் மடித்தபடியே காட்டுவாள். கண்ணுக்குப் படகு தெரியாமல் அதை ஏற்றக்கூடாது என்பது அங்கே யாரும் மீறாத வழக்கம். இன்று கூட்டம் கலைந்ததும் ஏற்றிவிட்டாள்.

அவள் மகன் ரோக்கோ இறால் கூண்டு தூக்கப் போய்க் கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. போன ஞாயிறு வெறும் பெட்டியைப் புதைத்தார்கள். அதன்மேல் மண் விழுந்த சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது.

கூட வேலை பார்க்கும் கீத் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"என்ன நுன்சியா, கடலையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்க? படகு எங்கம்மா?"

"வரும். நீங்க கெளம்புங்க, நான் பூட்டிக்கறேன்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அவன் வரமாட்டாம்மா. எறக்கிடு." சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கார் இறங்கும் சத்தம் தேய்ந்தது.

அப்புறம் வெளியே கொடிக்கம்பத்தடிக்குப் போனபோதுதான் அவளுக்குப் பயம் தட்டியது. வெயிலில் காய்ந்து கிடக்க வேண்டிய கொடிக்கயிறு சொதசொதவென்று நனைந்து, அழுகிய மீன் நாற்றத்தோடு, கண்ணுக்குத் தெரியாத யாரோ பிடித்திருப்பதுபோல் விறைத்து நின்றது. இழுத்தாள். அது திருப்பி இழுத்தது.

உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டாள்.

அந்தி வெளிச்சத்தில் கடல் நன்றாகவே தெரிந்தது. அலைகளுக்கு நடுவே தலைகள். ஒன்றல்ல. நிறைய. கரையேறினார்கள். நடந்தார்கள். கம்பளித் தொப்பிகள். கிழிந்த மழைக்கோட்டுகள். எந்தக் காலத்து ஆட்களோ. மீன்கள் யாருக்கும் முகத்தை விட்டுவைக்கவில்லை.

கதவில் ஈரமாக ஒரு தட்டல்.

"அம்மா."

ரோக்கோ! கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"அம்மா." இது ஜன்னல் பக்கம்.

"அம்மா." "அம்மா." சுற்றிலும். ஒரே குரல்.

இதில் எவன் அவள் பிள்ளை? தெரியவில்லை. தெரியவே இல்லை. பெற்றவளுக்கே தெரியவில்லையே என்று நுன்சியா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே கதவைத் திறந்தாள்.

கண்ணில்லாத அவர்கள், தன் தாய்தானா என்று, ஒவ்வொருவராக அவள் முகத்தைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்கள்.