அலைச்சுவரின் குரல்

நீருக்குள் ஓசை எழுப்பும் அழைப்பான்கள் வந்தபின் மன்னார் வளைகுடாவில் யாரும் பவளத்தை நடுவதில்லை, கூப்பிடுகிறார்கள். பவளக் குஞ்சு கடுகைவிடச் சிறியது. கண் கிடையாது. ஆனால் உயிருள்ள பவளத்திட்டின் ஓசை கேட்டால் அந்தப் பக்கம் திரும்பி நீந்தும். பிடித்த இடத்தில் ஒட்டிக்கொண்டால் ஆயுளுக்கும் நகராது. இறால்கள் சொடுக்க, மீன்கள் முனக, சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓசை அது. வாலித்திட்டு சாவதற்குமுன் அதைப் பதிவுசெய்து, அழைப்பானுக்குள் வைத்தவள் கடலுயிர் ஆய்வாளர் ஜெனோவா.

திட்டைக் கொன்றது அலைச்சுவர். துறைமுகத்துக்காகக் கட்டிய அந்தக் கான்கிரீட் நீளம், நீரோட்டத்தைத் திருப்பி வண்டலையெல்லாம் திட்டின்மேல் கொட்டியது. அவள் கூப்பிட்டாள், குஞ்சுகள் வந்தன, வண்டல் மூடியது. சுவரை இடிக்கச் சொல்லி ஒன்பது வருடம் சண்டை போட்டாள்.

இன்று இடிக்கிறார்கள். கரையில் பேண்டு வாத்தியம், தட்டுத் தட்டாக முந்திரி மக்ரூன் இனிப்பு. கான்கிரீட்டைக் கொறித்துத் தூளாக்கும் சுவர்தின்னிகள் ராட்சத நண்டுகளாக வரிசையில் நின்றன.

"கடைசியா ஒருதடவ கேக்கேன் மேடம். நல்ல சுவரு. விட்ரலாமே?" என்றார் துறைமுகப் பொறியாளர் இளம்பரிதி.

"நீங்க மக்ரூன் சாப்பிடுங்க சார்."

இடிக்குமுன் ஒருவர் முங்கிப் பார்க்க வேண்டும். உயிருள்ள பவளம் ஒட்டிய எதையும், எக்காரணத்துக்கும், யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். எழுதியவள் ஜெனோவாதான். 'எக்காரணத்துக்கும்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னபோது அமைச்சக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். முங்குவதும் நானே என்று குதித்தாள்.

மேலே வந்தபோது கத்திக்கொண்டே வந்தாள்.

"பிரிட்டோ! சுவரு மேல இருக்க கஸ்பாரண்ணன் டீக்கடைக்கு நேர் கீழ பவளம்ல! உள்ளங்கை உள்ளங்கையா! ஊதா, மஞ்சள், மான்கொம்புப் பவளங்கூட இருக்கு!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இங்க எப்படில வந்துச்சு?"

தினமும் அழைப்பானைப் படகில் கொண்டுபோகும் பிரிட்டோ தலையைச் சொறிந்தான். "திட்டுல எறக்குமுன்னால ஓடுதான்னு பாக்கச் சொன்னீங்கல்லா டாக்டரக்கா? கடைக்குக் கீழ தொங்கவிட்டுட்டு ஒரு டீ குடிப்போம்."

"ஒரு டீக்கா இவ்வளவு பவளம்?"

"வடையும் உண்டு. பேச்சு இழுத்துரும்."

வண்டலைத் தள்ளிவிடும் சுவரின் காலடியில் மட்டும் வண்டல் இல்லை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது. குஞ்சுகளுக்கு வேறென்ன வேண்டும்?

இளம்பரிதி யோசித்தார். "இந்தப் பக்கத்த விட்ருவோம் மேடம். வண்டலத் திருப்புறது அந்தக் கடைசி முனைதான். அத மட்டும் இடிச்சா ஒங்க திட்டு பொழைச்சுக்கும்."

ஜெனோவாவின் முகம் மலர்ந்தது. பிரிட்டோ இருமினான்.

"என்னல?"

"அந்த முனையில சாயங்காலம் காத்து நல்லா வரும்க்கா. திட்டுலேர்ந்து திரும்புற வழியில, அழைப்பானத் தண்ணியில தொங்கவிட்டுட்டு..."

"அங்கயும் டீயா?"

"பிளாஸ்குல."

படகில் போய் முங்கினாள். அங்கேயும் இருந்தன, இன்னும் செழிப்பாக.

இளம்பரிதி குரலைத் தாழ்த்தினார். "ஒங்க சட்டம், ஒங்க திட்டு. நீங்க சரின்னா நான் பாக்காத மாதிரி இருந்துக்கிடுதேன்."

தூரத்தில் வாலித்திட்டின் மேல் கடல் கலங்கலாகத் தெரிந்தது. காலடியில் மஞ்சளும் ஊதாவும். எக்காரணத்துக்கும் என்று எழுதியபோது தன் காரணமும் அதில் அடங்கும் என்று அவள் நினைத்ததில்லை. சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு.

"தின்னிகளத் திருப்பி அனுப்புங்க சார்."

"ஒம்பது வருஷமா நான் சொன்னதுதானே மேடம்!"

"சொன்னீங்க. காரணந்தான் தப்பு."

டீக்கடைக்குக் கீழே படகு வந்ததும் தண்ணீருக்குள் தலையை நுழைத்துக் கேட்டாள். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

"அழைப்பான அணைடா, கேட்டது போதும்."

"அது வீட்டுல கெடக்கு. இன்னைக்குத்தான் திருவிழாவாச்சே, நான் எடுத்துட்டே வரலியே."

அவள் மறுபடி தலையை நுழைத்தாள். வாலித்திட்டின் அதே குரல், அதைக் கொன்ற சுவரிலிருந்து. இனி வளைகுடாவின் குஞ்சுகளையெல்லாம் சுவரே கூப்பிட்டுக்கொள்ளும். நாளை யாராவது இதை இடிக்க வந்தால் குறுக்கே நிற்க வேண்டியவள் அவள்தான்.

இடிப்பு நின்றதை பேண்டு வாத்தியக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் உற்சாகமாக அடுத்த பாட்டை எடுத்தார்கள்.

"கஸ்பாரண்ணே," ஈரத் தலையை நிமிர்த்திக் கூவினாள் ஜெனோவா, "எனக்கும் ஒரு டீ!"