துடைத்த மழை

"மழை எங்க?"

டி.வி. கடையில் நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டவள் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள்; கோட்டுப் பையின் மேல் தெருமுனை மருந்துக்கடையின் பெயர். அவள் கண்கள் இரண்டு திரைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தன. ஒரே படம், ஒரே காட்சி. இடது பக்கம் பழைய டி.வி.டி. வலது பக்கம், இன்னும் விற்பனைக்கு வராத ஹெச்.டி. டிஸ்க்.

"வித்தியாசத்தைப் பார்த்தீங்களாம்மா?" கடைக்காரர் பெருமையோடு வந்தார். "சட்டை நூலைக்கூட எண்ணலாம்!"

"நூல் தெரியுது, மழையைக் காணோமே! இந்த டி.வி.யில கொட்டுது, அதுல சொட்டுக்கூட இல்ல. அந்தப் பொண்ணு குடையைப் பிடிச்சிக்கிட்டு எதுக்கு நிக்குது... வெயிலுக்கா?"

"புதுசுல எல்லாம் சுத்தமா இருக்கும்மா..."

"அதுக்காக மழையையுமா துடைப்பாங்க? எந்த மகராசன் கைவேலை இது?"

மாதிரி டிஸ்க்கைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றவன் தொண்டையைச் செருமினான். "நான்தாங்க..."

அவள் திரும்பினாள். கோபத்தில் இன்னும் பெரிதாகிப் போன கண்கள்... பழைய பிலிமை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, தூசியும் கீறலும் நீக்கிப் புது டிஸ்க்குக்குத் தயார் செய்வது அவன் தொழில். எத்தனையோ கண்களை இமைமுடி வரை பார்த்தவன். ஆனால், நிறுத்திவைக்க முடியாத கண்களைப் பார்த்துப் பழக்கமில்லை.

"அது மழையில்லீங்க, கீறல். பிலிம் பழசு..."

"கீறலா? அது எங்கப்பா பெய்ய வச்ச மழைங்க." அவள் குரல் தாழ்ந்தது. "ஏணி மேல நின்னு குழாய் பிடிச்சவர் அவர். படத்துல பேர்கூடப் போடல. புது டிஸ்க்ல உங்க மழை தெளிவா தெரியும்ப்பான்னு ஆசை காட்டி வச்சிருக்கேன்."

மன்னிப்பு அவன் நாக்கு நுனி வரை வந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு மழைக்காகப் படத்தையே குறை சொல்லாதீங்க," என்பதுதான் வெளியே வந்தது.

"சரிங்க. அவர் பழசையே பார்த்துக்கட்டும்."

வாங்க வந்த டிஸ்க் பிளேயரை வாங்காமலே போய்விட்டாள்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் மூலப் பிரதியை ஓட்டிப் பார்த்தான். மழை இருந்தது. ஒரு பிரேமில் தெரிந்து அடுத்த பிரேமில் மறைவதையெல்லாம் தூசி என்று எடுத்துக்கொள்ளும், துடைக்கிற மென்பொருள். மழைத்துளியும் அப்படித்தானே... வருகிறது, போய்விடுகிறது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதன் வீரியத்தை ஏற்றியவன் அவன்தான். பிறகு நடிகையின் முகத்தை மட்டும் சரிபார்த்தான். முகத்தைச் சுற்றி என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

மழை கொட்டும் பிரேமில் படத்தை நிறுத்தினான். பிறகு மேலாளர் அறைக்குப் போனான்.

"தப்பு என்னோடது, மேடம். அந்தக் காட்சியைக் கையால செஞ்சு தர்றேன்."

"டிஸ்க் அச்சுக்குப் போற நேரத்துலயா? யாருக்குப்பா தெரியப்போகுது?"

"ஒருத்தங்களுக்குத் தெரியும்."

"யாரு, விமர்சகரா?"

மேடம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "ஓஹோ... அதுக்கு ஏன் காது சிவக்குது? சரி, செய். ஆனா உனக்குன்னு வச்சிருந்த அடுத்த படம் காத்திருக்காது. வேற ஆளுக்குப் போயிடும்."

அந்தப் படத்துக்காக அவன் நெடுநாள் ஏங்கியிருந்தான். "போகட்டும், மேடம்."

கீறல் நேராக விழும். மழை காற்றுக்கு வளையும். கீறலை எடுத்தான், துளியை விட்டான்... நடிகையின் முகத்தருகே மட்டும் மழை மெலிந்திருந்தது. கண்ணில் படாதபடி யாரோ குழாயைச் சாய்த்திருக்கிறார்கள். அப்போதுதான் தரையில் தேங்கிய தண்ணீரைக் கவனித்தான். டி.வி.டி.யில் வெறும் கலங்கலாகத் தெரிந்த இடம். இந்தத் தெளிவில், துளிகள் கலைத்துக் கலைத்துச் சேர்க்கும் தண்ணீரில், ஓர் ஏணி... தலைகீழாக ஒரு மனிதர், கையில் குழாய்.

இப்படிப் பிம்பம் விழுந்தால் அழித்துவிடுவதே வழக்கம். அவன் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்," என்றார்.

மருந்துக்கடையில் அவள் நிமிராமலே கேட்டாள். "என்ன வேணும்?"

"தலைவலி மாத்திரை."

"எப்ப இருந்து வலி?"

"உங்ககிட்ட திட்டு வாங்கினதுல இருந்து."

நிமிர்ந்தாள். உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டது, கண்கள் அடக்கவில்லை. "அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்க."

"மன்னிப்பாவது கிடைக்குமா? நீங்க சொன்னதுதான் சரி, அது மழைதான். திரும்ப வந்துடுச்சு. உங்கப்பாவுக்கு நானே வந்து போட்டுக் காட்டலாமா?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளேயரைச் சுமந்துகொண்டு போனான். அவளுடைய அப்பா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காத்து மாறுது பாரும்மா... இதோ, குழாயைத் திருப்பிட்டேன்!" திடீரென்று நிறுத்தினார். "அந்தத் தண்ணிக்குள்ள யாரு அது? அட, நானு! தலையில எவ்வளவு முடி!"

கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு, "அடுத்து எந்தப் படம் தம்பி?" என்றார்.

"எதுவும் இல்லீங்க ஐயா. இந்த வேலை இழுத்துடுச்சு... வர இருந்த படம் வேற ஆளுக்குப் போயிடுச்சு."

வாசல் வரை அவளும் வந்தாள்.

"ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா பெருமை பீத்திக்கிற மாதிரி இருக்கும்."

"அப்பாவுக்காகவா விட்டீங்க?"

அவன் செருப்பில் கால் நுழைத்தான்.

"ஆரம்பிக்கும்போது மழைக்காகத்தான். முடிக்கும்போது... உங்களுக்காக."

"எந்த இடத்துல மாறுச்சு?"

"நானும் தேடிப் பார்த்தேங்க. நல்லா ஒட்டின பிலிம் மாதிரி, ஒட்டுன இடமே தெரியல."

அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். உள்ளே அப்பா காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டிருந்தார்.

"எனக்கு மாறுன இடம் எதுன்னு தெரியும்," என்றாள் மெல்ல.

"எது?"

"இப்பதான்... அப்பா சிரிச்சப்போ நீங்க டி.வி.யில உங்க வேலையைப் பார்க்கல. அவர் முகத்தையே பார்த்துட்டிருந்தீங்க."

"நீங்க எப்படிக் கவனிச்சீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மழை சரியா வந்துச்சான்னு அப்பாவைத்தான் கேக்கணும்... நான் டி.வி.யையே பார்க்கல."